கிளவுட் சர்வரிலிருந்து டேட்டா டிஸ்கைக் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு மும்பையில் ஓடும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. வெளியூருக்குப் பலகாரம் அனுப்பும் கடை, ஆத்தங்குடிக் கல் பட்டறை, கண்டாங்கிச் சேலைக் கடை, கானாடுகாத்தானில் பழைய வீட்டை விடுதியாக்கி அறை விடுபவர்கள் என்று இந்தப் பக்கத்துச் சின்னத் தொழில்கள்தான் என் வாடிக்கை. அங்கே கணினி வேலை பார்க்கும் பிள்ளைகளும், சில நேரம் முதலாளிகளும் அழைப்பார்கள். குரல்தான் மாறும், சந்தேகம் மாறாது. எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை இதை அனுப்பிவிட்டுச் சாப்பாட்டை முடிக்கலாம் என்று தோன்றியது.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட போக்கிலேயே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் லினக்ஸ் சர்வரைப் பற்றியது. விண்டோஸுக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு. கட்டளைகளின் பெயரை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

“டிஸ்கைக் கழற்றுவது என்றால் மும்பையில் யாராவது போய் வயரைப் பிடுங்குவார்களா, அண்ணே?”

மாட்டார்கள். கிளவுட்டில் டேட்டா டிஸ்க் என்பது பெரும்பாலும் உங்கள் சர்வர் ஓடும் இயந்திரத்துக்குள் இருப்பதே இல்லை. வேறு சேமிப்பு இயந்திரங்களில் பிரதிகளோடு இருந்துகொண்டு, நெட்வொர்க் வழியாக உங்கள் சர்வருக்கு ஒரு டிஸ்க் போலக் காட்சி தருகிறது. அமேசானில் அதற்குப் பெயர் இபிஎஸ், கூகுளில் பெர்சிஸ்டன்ட் டிஸ்க், அஸூரில் மேனேஜ்ட் டிஸ்க். கழற்றுவது என்றால் அந்த உறவைத் துண்டிப்பது மட்டும்தான். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு இதே சர்வரிலோ வேறு சர்வரிலோ மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு விதிவிலக்கு. அமேசானில் இன்ஸ்டன்ஸ் ஸ்டோர், கூகுளில் லோக்கல் எஸ்எஸ்டி என்று இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்குகளும் உண்டு. அவற்றைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்ட முடியாது. சர்வரை நிறுத்தினாலே அதில் உள்ளது பொதுவாகப் போய்விடும். உங்களுடையது எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

“கன்சோலில் ‘டிடாச்’ என்று பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதாதா?”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். போதாது. கன்சோல் என்பது கிளவுட் நிறுவனத்தின் நிர்வாக இணையப் பக்கம், டிடாச் என்றால் கழற்று. அந்தப் பொத்தான் வேலையின் கடைசிப் படி. முதல் படியாக அதை அழுத்துகிறவர்கள்தான் பிறகு எனக்கு அழைக்கிறார்கள்.

நம் ஊர்ப் பழைய பெட்டியடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை வரவுசெலவை அப்போதைக்கப்போது நாள்வழியில் குறித்துக்கொண்டே போவார். பொழுது சாய்ந்த பிறகு உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார். மதியம் மூன்று மணிக்கு ஒருவர் வந்து பேரேட்டை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், அன்றைய கணக்கு அதில் இருக்காது. லினக்ஸும் அப்படித்தான். ஒரு நிரல் “எழுது” என்றதும் முதலில் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. டிஸ்க்கில் பிறகு ஏற்றுகிறது. வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ 30 வினாடிகூட அது நினைவகத்திலேயே கிடக்கலாம். “சேமிக்கப்பட்டது” என்று திரையில் வந்துவிட்டது என்பதற்காக டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சர்வருக்குள் டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் திறந்து வைப்பது மவுண்ட், மூடுவது அன்மவுண்ட். அன்மவுண்ட் செய்வது என்பது கணக்குப்பிள்ளையிடம் “ஏற்றி முடித்து, பேரேட்டை மூடிக் கையில் கொடுங்கள்” என்று சொல்வது. பாக்கி எழுத்தெல்லாம் டிஸ்க்குக்குப் போன பிறகுதான் அந்தக் கட்டளை திரும்பி வரும். கன்சோல் பொத்தானுக்கு இந்த நாள்வழி, பேரேடு எதுவும் தெரியாது.

“அப்படியானால் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?”

உள்ளேயிருந்து வெளியே. முதலில் அந்த டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் நிரல்களை முறையாக நிறுத்துங்கள்: டேட்டாபேஸ், இணையதள நிரல், இரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் வேலைகள். டேட்டாபேஸைக் கொல்லாதீர்கள், நிறுத்துங்கள். பிறகு எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்ற பட்டியல்) அந்த டிஸ்க்குக்கான வரியை எடுத்துவிடுங்கள் அல்லது முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு முடக்குங்கள். சிஸ்டம்டி (சர்வரை எழுப்பி நிரல்களைக் கவனித்துக்கொள்ளும் நிரல்) உள்ள சர்வர் என்றால் டீமன்-ரீலோட் கொடுத்து, கோப்பு மாறியதை அதற்குத் தெரிவியுங்கள். அதற்குப் பிறகு அன்மவுண்ட். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்து, அந்த டிஸ்க்கின் எதிரே மவுண்ட் இடம் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எல்லாம் சரி என்றால் கன்சோலுக்குப் போய் டிடாச்.

அன்மவுண்ட் என்று சொல்கிறோமே தவிர, தட்டச்சு செய்யும் கட்டளையில் யூ எழுத்துக்குப் பின்னால் வர வேண்டிய ‘என்’ எழுத்து கிடையாது. யூனிக்ஸ் காலத்துச் சிக்கனம். “அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது” என்று அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில்.

“இரண்டு டிஸ்க் மாட்டியிருக்கிறேன், இரண்டும் ஒரே அளவு. கன்சோலில் ஒரு பெயர், சர்வருக்குள் வேறு பெயர். எதைக் கழற்றுவது?”

பெயரை நம்பாதீர்கள். அமேசானின் இப்போதைய சர்வர்களில் கன்சோல் ‘எஸ்டிஎஃப்’ என்று சொல்லும் டிஸ்க், உள்ளே ‘என்விஎம்இ1என்1’ என்று தெரியும். மறுமுறை சர்வர் எழும்போது அந்த எண்ணும் மாறலாம். நம்ப வேண்டியது டிஸ்க்கின் அடையாள எண்ணை. எல்எஸ்பிஎல்கே கட்டளையில் ‘சீரியல்’ என்ற பத்தியையும் கேட்டால், அமேசானில் ‘வால்’ என்று தொடங்கும் வால்யூம் எண் அங்கேயே தெரியும். கன்சோலில் உள்ளதோடு, நடுவில் வரும் சிறு கோட்டை விட்டுவிட்டு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கூகுளில் டெவ் அடைவின் கீழ் டிஸ்க், அதன் கீழ் பை-ஐடி என்ற இடத்தில் நீங்கள் கொடுத்த பெயரே இருக்கும். அஸூரில், மாட்டிய இடத்தைக் குறிக்கும் லன் எண்ணைப் பாருங்கள்.

என் சொந்தப் பழக்கம் ஒன்று. ஒரே சர்வரில் இரண்டு டிஸ்க் என்றால் ஒன்றை 100 ஜிபி, மற்றதை மொய் எழுதுவது போல 101 ஜிபி என்று வாங்குவேன். ஒரு ஜிபிக்கு ஆகும் காசு ஒன்றுமில்லை. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பார்த்தாலும் எது எது என்று தெரியும்.

“அன்மவுண்ட் கொடுத்தால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்கிறது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், இன்னும் யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?”

பெரும்பாலும் நீங்களேதான். அந்த டிஸ்க்கின் ஃபோல்டருக்குள் சிடி கொடுத்துப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே அன்மவுண்ட் கொடுக்கிறீர்கள். உட்கார்ந்திருக்கும் பாயைச் சுருட்ட முடியாது. ஹோம் அடைவுக்கு வந்துவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். இன்னொரு ஜன்னலில் திறந்து மறந்துவிட்ட உள்நுழைவும் இதே வேலையைச் செய்யும்.

அது இல்லையென்றால் எஃப்யூசர் கட்டளையை வி, எம் என்ற இரண்டு விருப்பங்களோடு, மவுண்ட் செய்த இடத்தைக் கொடுத்து ஓட்டுங்கள். எந்த நிரல், யார் பெயரில், எந்த எண்ணோடு பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையும் அதையே விரிவாகச் சொல்லும். சூடோவோடு, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டுங்கள்; இல்லாவிட்டால் மற்றவர்களுடைய நிரல்கள் கண்ணில் படாது.

இரண்டும் வெறும் கையை விரித்தால், பிடித்திருப்பது லினக்ஸின் கருவான கர்னலே. அந்த டிஸ்க்கில் ஸ்வாப் கோப்பு (நினைவகம் போதாதபோது உதவும் இடம்) வைத்திருக்கிறீர்களா? ஸ்வாப்ஆஃப் கொடுங்கள். என்எஃப்எஸ் வழியாக வேறு சர்வருக்குப் பகிர்ந்திருக்கிறீர்களா? அந்தப் பகிர்வை நிறுத்துங்கள். அதே ஃபோல்டருக்குள் இன்னொரு டிஸ்க்கை மவுண்ட் செய்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பதை முதலில் இறக்குங்கள். இந்த மூன்றும் நிரல் பட்டியலில் வராது.

“சின்ன ‘எல்’ போட்டு அன்மவுண்ட் கொடுத்தால் சண்டை போடாமல் உடனே கழன்றுவிடுகிறதே?”

கழன்றது போலத் தெரிகிறது. அந்த ‘எல்’ சோம்பேறி அன்மவுண்ட். ஃபோல்டர் மரத்திலிருந்து டிஸ்க்கின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, பிடித்திருக்கும் நிரல் விடும்வரை உள்ளே கோப்பமைப்பைத் திறந்தே வைத்திருக்கும். கடைப் பலகையைக் கழற்றிவிட்டு உள்ளே வியாபாரம் நடத்துவது போல. எல்எஸ்பிஎல்கே காலியாகக் காட்டும், நீங்களும் நம்பி டிடாச் அழுத்துவீர்கள், நாள்வழி இன்னும் ஏற்றப்படாமல் இருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றப் போகிற நேரத்தில் இதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி. பிஸி என்ற பதில் இடைஞ்சல் அல்ல. “இன்னும் எழுதுகிறார்கள்” என்ற தகவல்.

“வேலை நடுவில் இங்கே கரண்ட் போய்விட்டால்?”

மும்பையில் ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் உள்நுழைவு அறுந்துவிடும், அதில் நடந்துகொண்டிருந்த நகலெடுப்பும் பாதியில் நிற்கும். இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் நிரலுக்குள், சர்வரிலேயே நுழைந்து வேலையைத் தொடங்குங்கள். கரண்ட் வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம்.

“எஃப்எஸ்டேப் வரியை எடுக்க மறந்துவிட்டேன். டிஸ்கைக் கழற்றி ஒரு வாரம் ஆகிறது, சர்வர் நன்றாகத்தானே ஓடுகிறது?”

ஓடும். அடுத்த ரீபூட் வரை ஓடும். அந்தக் கோப்பு சர்வர் எழும்போது படிக்கப்படுவது. அதில் ஒரு டிஸ்க் எழுதியிருந்து, அது இல்லையென்றால், சிஸ்டம்டி வழக்கமாக 90 வினாடி காத்துப் பார்க்கும். வரவில்லை என்றால் எமர்ஜென்சி மோடுக்குப் போய் நின்றுகொள்ளும். நெட்வொர்க் எழாது, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் எழாது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் பூட்டியிருந்தால், பல கிளவுட் சர்வர்களில் அப்படித்தான் இருக்கும், சர்வரின் சீரியல் கன்சோலில் போய் நின்றாலும் உள்ளே விடாது.

இது எனக்கே நடந்தது. ஒரு பலகாரக் கடையின் பழைய படங்கள் இருந்த டிஸ்க்கைப் புரட்டாசியில் கழற்றினேன். சுத்தமாக அன்மவுண்ட் செய்தேன், அடையாள எண்ணை ஒப்பிட்டேன், எல்லாம் செய்தேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். ஐப்பசியில், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்புக்காக ரீபூட் கொடுத்தேன். சர்வர் எழவில்லை. கடையில் அடுப்பில் மணகோலம் வெந்துகொண்டிருக்கிறது. ஆர்டர் வரும் வழி அடைத்துக் கிடக்கிறது. கடைக்கார ஆச்சி தொலைபேசியில் திட்டவில்லை. “எப்போது வரும் தம்பி?” என்று கால் மணிக்கு ஒருமுறை அமைதியாகக் கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. கழற்றிய அன்றைக்கு இந்தத் தவறு எந்த அடையாளமும் காட்டாது என்பதுதான் இதன் தொல்லை.

அன்றிலிருந்து, டேட்டா டிஸ்க்குக்கான எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஃபெயில்’ என்ற சொல்லை மாட்டும்போதே சேர்த்துவிடுகிறேன். டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் அதற்காக நிற்காமல் எழுந்துவிடும். டிஸ்க்கின் பெயருக்குப் பதில் யூயுஐடி (கோப்பமைப்பின் தனி அடையாள எண்) எழுதுவதும் அப்படியே. பெயர் மாறும் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

“எனக்கு அப்படி ஆகிவிட்டது. இப்போது எழாத சர்வரை எப்படி எழுப்புவது?”

பதற்றப்பட்டுப் புது சர்வர் போடாதீர்கள். தரவு பத்திரமாக இருக்கிறது. ஒரு வரிதான் தவறு. ரூட் டிஸ்க்கையே, அதாவது சர்வரின் இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கையே, டேட்டா டிஸ்க்காக்கி வைத்தியம் பார்க்கலாம். எழாத சர்வரை நிறுத்துங்கள். அதன் ரூட் டிஸ்க்கைக் கழற்றி, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள். மவுண்ட் செய்து, அந்த டிஸ்க்குக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்துங்கள். உதவிக்கு வந்த சர்வரின் சொந்தக் கோப்பைத் திருத்திவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு, கவனம். பிறகு முறையாக அன்மவுண்ட், டிடாச், பழைய சர்வரில் முன்பிருந்த அதே ரூட் பெயரில் மாட்டுதல், ஸ்டார்ட்.

அமேசானில் நிறுத்தித் தொடங்கினால் பொது ஐபி முகவரி மாறிவிடும், எலாஸ்டிக் ஐபி என்ற நிலையான முகவரி வாங்கி வைத்திருந்தால் ஒழிய. சர்வர் எழுந்தும் இணையதளம் வரவில்லை என்றால் அதைப் பாருங்கள்.

“எங்களுடையது விண்டோஸ் சர்வர், தம்பி. டேலி கணக்கு டி டிரைவில் இருக்கிறது. எங்களுக்கும் இதே முறையா?”

எண்ணம் அதே, வழி வேறு. முதலில் எல்லோரும் டேலியை மூட வேண்டும். ரிமோட் ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்துவது மூடுவதல்ல. இணைப்பு மட்டும் அறும், உள்ளே அவர்களுடைய டேலி திறந்தே இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘யூசர்ஸ்’ பகுதிக்குப் போய் யாரெல்லாம் ‘டிஸ்கனெக்டட்’ என்று தொங்குகிறார்கள் என்று பாருங்கள். ஆளைக் கேட்டுவிட்டு, சேமித்துவிட்டார்களா என்று உறுதிசெய்துகொண்டு, சைன் ஆஃப் கொடுங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிஸ்க்கின் மேல் வலது சொடுக்கி ‘ஆஃப்லைன்’. அதற்குப் பிறகு கன்சோலில் டிடாச். வேறு சர்வரில் மாட்டியதும் அது ஆஃப்லைனாகவே தெரிந்தால் பயப்படாதீர்கள், ‘ஆன்லைன்’ கொடுத்தால் போதும்.

அஸூரில் விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் ஒன்றை இன்றே பாருங்கள், ஐயா. அங்கே தற்காலிக டிஸ்க் உள்ள சர்வர்களில் டி டிரைவ் என்று வருவது வழக்கமாக அந்தத் தற்காலிக டிஸ்க்தான். முதல் கேள்வியில் சொன்ன, நிறுத்தினால் போய்விடும் வகை. கணக்கு அங்கே இருந்தால் கழற்றுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் நகல் எடுங்கள்.

“கழற்றுவதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டுமா? அதற்கும் காசு ஆகுமே.”

எடுங்கள். ஸ்னாப்ஷாட் என்பது அந்த நேரத்தில் டிஸ்க் இருந்த நிலையின் நகல். அன்மவுண்ட் செய்த பிறகு, டிடாச் செய்வதற்கு முன், அந்த இடைவெளிதான் நல்ல நேரம். நாள்வழி எல்லாம் ஏறி முடிந்த பேரேடு அப்போதுதான் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால், திடீரென்று கரண்ட் போன கணினியின் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படி ஒரு படம் கிடைக்கும். பெரும்பாலும் தேறிவிடும். தேறாத நாளும் உண்டு.

காசைப் பொறுத்தவரை, அமேசானில் முதல் ஸ்னாப்ஷாட் முழுத் தரவையும் எடுக்கும், அடுத்தடுத்தவை மாறியதை மட்டும் எடுக்கும். ஒரு வாரம் வைத்திருந்து, எல்லாம் சரியென்று தெரிந்ததும் நீக்கிவிடலாம்.

“கழற்றியாகிவிட்டது. ஆனாலும் மாதாமாதம் பில் வருகிறதே?”

கழற்றினால் வாடகை நிற்காது. பூட்டிப் போட்ட வீட்டுக்கும் வரி கட்டுவது இந்த ஊருக்குப் புதிதா? டிஸ்க்கை நீக்கும்வரை, நீங்கள் கேட்டு வாங்கிய அளவு முழுவதற்கும் காசு ஓடும். 500 ஜிபி வாங்கி 20 ஜிபி நிரப்பியிருந்தாலும் 500-க்குத்தான். நீண்ட நாள் தேவையில்லை, ஆனால் தூக்கிப்போட மனமில்லை என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு டிஸ்க்கை நீக்குங்கள்.

கழற்றிய அன்றே டிஸ்க்குக்குப் பெயர்ச்சீட்டு கட்டுங்கள்: எந்த சர்வரில் இருந்தது, எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆகியிருந்தது, தேதி, யார் சொல்லிக் கழற்றியது. ஆறு மாதம் கழித்து ‘அவைலபிள்’ என்ற நிலையில் பெயரில்லாமல் ஐந்து டிஸ்க் கிடக்கும். நீக்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் செலவு.

“சர்வரையே நீக்கப் போகிறோம். டிஸ்க் தானாகத் தப்பித்துவிடுமா?”

மாட்டிய விதத்தைப் பொறுத்தது. அமேசானில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ‘டெலீட் ஆன் டெர்மினேஷன்’ என்று ஒரு குறி உண்டு. ரூட் டிஸ்க்குக்கு அது வழக்கமாக ‘ஆம்’. பிறகு தனியே மாட்டிய டேட்டா டிஸ்க்குக்கு வழக்கமாக ‘இல்லை’. கூகுளிலும் அஸூரிலும் இதே போன்ற குறிகள் வேறு பெயரில் உள்ளன. ‘வழக்கமாக’ என்ற சொல்லை நம்பி யாரும் வீட்டை விற்பதில்லை. டிஸ்க்கைக் கழற்றி, கன்சோலில் அது தனியாக நிற்பதைப் பார்த்த பிறகு சர்வரை நீக்குங்கள்.

“மும்பையில் கழற்றியதை ஹைதராபாத் சர்வரில் மாட்ட முடியவில்லை. பட்டியலிலேயே வரவில்லை.”

வராது. ஹைதராபாத் என்ன, மும்பைக்குள்ளேயே ஒரு மண்டலத்தில் (தனித்து இயங்கும் தரவு மையத் தொகுதி) உள்ள இபிஎஸ் டிஸ்க்கை அடுத்த மண்டலத்து சர்வரில் மாட்ட முடியாது. அதே மண்டலம் என்றால் நேராக மாட்டலாம். அடுத்த மண்டலம் என்றால் ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து அந்த மண்டலத்தில் புது டிஸ்க் உருவாக்க வேண்டும். வேறு நகரம் என்றால் ஸ்னாப்ஷாட்டை அங்கே நகலெடுத்துப் பிறகு உருவாக்க வேண்டும்.

“புது சர்வரில் மாட்டினேன். ஃபோல்டர் காலியாக இருக்கிறது. வழிகாட்டியில் ‘எம்கேஎஃப்எஸ் கொடு’ என்று போட்டிருக்கிறது, கொடுக்கட்டுமா?”

கொடுக்காதீர்கள். அந்தக் கட்டளை புத்தம்புது டிஸ்க்குக்கு. தரவு உள்ள டிஸ்க்கில் கொடுத்தால் வைத்திருந்த எல்லாவற்றின் மேலும் புதிதாகக் கோடு போட்டுவிடும். மாட்டுவது வேறு, மவுண்ட் செய்வது வேறு. நீங்கள் முதலாவதை மட்டும் செய்திருக்கிறீர்கள், அதனால்தான் காலி.

எல்எஸ்பிஎல்கே கட்டளையை எஃப் விருப்பத்தோடு கொடுங்கள். டிஸ்க்கின் எதிரே இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்று ஏதாவது வந்தால் உள்ளே கோப்பமைப்பு இருக்கிறது. மவுண்ட் மட்டும் செய்யுங்கள். அந்தப் பெயர் டிஸ்க்கின் எதிரே இல்லாமல், அதன் கீழ்க் கிளையாக வரும் ‘பி1’ என்ற பிரிவின் எதிரே இருந்தால், மவுண்ட் செய்ய வேண்டியது அந்தப் பிரிவை. மேலே உள்ளதைக் கொடுத்தால் ‘ராங் எஃப்எஸ் டைப்’ என்று பிழை வரும். அந்தப் பிழையைப் பார்த்துப் பயந்துதான் பலர் எம்கேஎஃப்எஸ் பக்கம் போகிறார்கள்.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் டிஸ்க்கை, மூல டிஸ்க் இருக்கும் அதே சர்வரில் மாட்டினால் இரண்டுக்கும் ஒரே யூயுஐடி என்று மறுக்கும். ‘நோயூயுஐடி’ என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்யலாம்.

“டிஸ்க்கைக் கழற்றிவிட்டேன், ஆனால் அந்த ஃபோல்டரில் புதுப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன! பேயா?”

ஒரு கல் பட்டறையில் படம் ஏற்றும் பிள்ளை கேட்டது. பேய் என்றே கேட்டான். பேயில்லை. மவுண்ட் செய்யும் ஃபோல்டர் என்பது ரூட் டிஸ்க்கில் உள்ள ஒரு வெறும் ஃபோல்டர். டேட்டா டிஸ்க் அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து போனதும் அடியில் இருந்த தரை தெரிகிறது. மறுபடி ஓட ஆரம்பித்த நிரலுக்கு வித்தியாசம் தெரியாது, தரையிலேயே எழுதுகிறது. சில நாளில் ரூட் டிஸ்க் நிரம்பி சர்வர் திணறும். அதைவிட மோசம், யாராவது டேட்டா டிஸ்க்கை மறுபடி அதே இடத்தில் மவுண்ட் செய்தால், இடையில் வந்த படங்கள் அதன் அடியில் மறைந்துபோகும். இருக்கின்றன, ஆனால் தெரியாது, இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்த வெறும் ஃபோல்டருக்கு சேட்டர் கட்டளையில் ‘பிளஸ் ஐ’ கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு தரையில் யாரும், ரூட் கணக்குகூட, புதுக் கோப்பு போட முடியாது. நிரல் சத்தமாகப் பிழை காட்டும். டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்ததும் எழுதுவது வழக்கம் போல நடக்கும், ஏனெனில் பூட்டு தரைக்குத்தான்.

“இரண்டு டிஸ்க்கை எல்விஎம் போட்டு ஒன்றாக்கியிருக்கிறோம். அதில் ஒன்றை மட்டும் கழற்றலாமா?”

அப்படியே கழற்ற முடியாது. ஒரே கோப்பின் பாதி இதில், பாதி அதில் இருக்கலாம். ஒன்றை மட்டும் எடுக்க வேண்டுமானால், மற்றதில் போதுமான இடம் இருக்க வேண்டும். பிவிமூவ் கட்டளையால் தரவை அங்கே நகர்த்தி, விஜிரெட்யூஸ் கொடுத்துக் கூட்டிலிருந்து விலக்கி, பிறகு கழற்றலாம். நகர்த்துவது நேரம் பிடிக்கும் வேலை, டிமக்ஸுக்குள் செய்யுங்கள்.

இரண்டையும் சேர்த்து வேறு சர்வருக்குக் கொண்டுபோவதென்றால், அன்மவுண்டுக்குப் பிறகு விஜிசேஞ்ச் கட்டளையால் அந்தக் கூட்டைச் செயலிழக்கச் செய்துவிட்டு, இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றுங்கள். லக்ஸ் என்ற மறையாக்கப் பூட்டு போட்டிருந்தால் அதையும் மூட வேண்டும். எப்போதும் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்கு.

“கன்சோலில் ‘டிடாச்சிங்’ என்று அரை மணி நேரமாக நிற்கிறது. ஃபோர்ஸ் கொடுக்கலாமா?”

பெரும்பாலும் அன்மவுண்ட் செய்யாமல் அழுத்தியதன் பலன். டிஸ்க்கை விட்டுக்கொடுக்க சர்வர் தயாராக இல்லை. முதலில் உள்ளே போய் அன்மவுண்ட் செய்து பாருங்கள். பல நேரம் அதோடு கன்சோலும் நகர்ந்துவிடும். உள்ளே போகவே முடியவில்லை என்றால் சர்வரை முறையாக நிறுத்துங்கள். நிறுத்தும்போது அதுவே அன்மவுண்ட் செய்துவிடும்.

ஃபோர்ஸ் என்பது இவையெல்லாம் தோற்ற பிறகு. அதைக் கொடுத்தால் சர்வருக்கு நாள்வழியை ஏற்ற வாய்ப்பே கிடைக்காது. அப்படி வந்த டிஸ்க்கை வேறு எங்காவது மாட்டினால், மவுண்ட் செய்வதற்கு முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, கோப்பமைப்பைச் சோதித்துப் பழுதுபாருங்கள்: இஎக்ஸ்டி4 என்றால் மவுண்ட் செய்யாமலே எஃப்எஸ்சிகே, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ஒருமுறை மவுண்ட் செய்து இறக்கிவிட்டு எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர்.

“அன்மவுண்ட் பிழையில்லாமல் முடிந்தது, எல்எஸ்பிஎல்கே காலி, ‘எல்’ விருப்பமும் போடவில்லை. ஆனாலும் டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. எப்படி?”

இதுவரை வந்ததில் எனக்கே ஒரு மாலையைத் தின்ற கேள்வி. விடுதி ஒன்றின் முன்பதிவு நிரல் டாக்கரில், அதாவது நிரலைக் கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியில், ஓடிக்கொண்டிருந்தது. டேட்டா டிஸ்க்கின் ஒரு ஃபோல்டரை கண்டெய்னருக்குள் கொடுத்திருந்தார்கள். கண்டெய்னர் தனக்கென்று ஒரு தனி மவுண்ட் பட்டியல் வைத்திருக்கும். வெளியே நீங்கள் அன்மவுண்ட் செய்தால் உங்கள் பட்டியலிலிருந்துதான் போகும். கண்டெய்னரின் பட்டியலில் அந்த டிஸ்க் அப்படியே இருக்கும், நிரலும் எழுதிக்கொண்டே இருக்கும். இரண்டு வாசல் உள்ள வீட்டில் முகப்பைப் பூட்டிவிட்டு, பின்கட்டுக் கதவை மறந்தது போல. ‘பிஸி’ என்றுகூடச் சொல்லாது என்பதுதான் ‘எல்’ விருப்பத்தைவிட இதை மோசமாக்குகிறது.

கண்டெய்னரை நிறுத்திவிட்டு அன்மவுண்ட் செய்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. வரிசையைப் பற்றிய கேள்வியில் “எழுதும் நிரல்களை நிறுத்துங்கள்” என்றதில் கண்டெய்னர்களும் அடக்கம். வந்துவிட்டால், அப்போதும் அவற்றை நிறுத்துவதுதான் மருந்து. உண்மையிலேயே விட்டுவிட்டதா என்று பார்க்க, இஎக்ஸ்டி4 டிஸ்க் என்றால் ப்ராக் அடைவின் கீழ் எஃப்எஸ், அதன் கீழ் இஎக்ஸ்டி4 என்ற இடத்தைப் பாருங்கள். டிஸ்க்கின் பெயர் அங்கே இருந்தால் எங்கோ இன்னும் திறந்திருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் என்றால், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில் ‘அன்மவுண்டிங் ஃபைல்சிஸ்டம்’ என்ற வரி டிஸ்க்கின் பெயரோடு வந்திருக்க வேண்டும். அந்த வரியைக் கண்ணால் பார்க்கும்வரை நான் கன்சோலைத் திறப்பதில்லை.